இரண்டாம் ஓலை வாசித்த அன்று

இயேசு மரி சூசை

மயிலாப்பூர்
10.8.1994, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே படிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு சத்தியம் செய்து கொடு. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. மஸ்கட்டில் உன் கூட நர்ஸ் வேலை செய்து உன் அறையிலேயே இருக்கும் கோட்டயத்து சிஸ்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தாய், இருந்தாலும் அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதே. அம்மாவுக்கு நீ எழுதும் பதிலில் என் கடிதம் கிடைத்தது என்று ஒரு வார்த்தை தவறிக்கூட வந்துவிடக் கூடாது, ஏனென்றால் உன் கடிதங்களை வீட்டில் சத்தமாகப் படிப்பவளே நான்தான், அந்த இடம் வந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவின் கடிதத்தோடு சேர்த்து வைக்கலாம் என்றால் அப்பா உறையைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார், தி.நகர் போஸ்ட் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறவரை ஏமாற்ற முடியாது. அதனால் இதைச் சாருலதாவிடம் கொடுத்து லஸ் முனையில் இருக்கும் பெட்டியில் போடச் சொல்லப் போகிறேன். அவள் என் வகுப்பில் எனக்குப் பக்கத்து பெஞ்ச், எதையும் யாரிடமும் சொல்லமாட்டாள்.

அம்மாவின் கடிதமும் இதோடு முன்னே பின்னே உனக்கு வந்து சேரும். அதை எழுதியது என் கைதான், வழக்கம்போல அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆண்டவர் அருளால் நாங்கள் மூவரும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம் என்று ஆரம்பித்திருக்கும். அதில் மாதாவை வேண்டுவது மட்டும் உண்மை. நாங்கள் சுகமாக இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, அதற்குக் காரணம் நான். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துவிடாதே. அம்மாவின் முட்டி வலி அப்படியே இருக்கிறது, ஸ்கூலில் அவள் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றிக் கொடுத்ததில் கொஞ்சம் தேவலை. தண்ணீர் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, அப்பா குடத்தோடு வரிசையில் நிற்கிறார். நீ சோறு வைத்துப் பழக்கிய கறுப்புப் பூனை ஜானு மாமி வீட்டு மாடிப்படிக்குக் கீழே மூன்று குட்டி போட்டிருக்கிறது, மாமி தினமும் திட்டிக்கொண்டே பால் வைக்கிறார்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் கடிதத்தில் இது இருக்காது. எட்டு மணிப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை. முதல் ஓலை வாசித்த அன்று அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், இந்த வாரம் சாதாரணப் புடவைதான், ஆனால் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நன்மை அப்பம் வாங்கி எல்லோரும் உட்கார்ந்தபின் ஃபாதர் மைக்கில் அறிக்கை வாசித்தார், பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்றார், போன வாரம் யாரோ குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார், அதற்கப்புறம் உன் ஓலை. பிரகாசம் வெரோனிகா இவர்களின் மூத்த மகள் டீனா, அசோக் நகர்ப் பங்கைச் சேர்ந்த மேத்யூ, இவர்கள் மெய்விவாகம் செய்துகொள்ள விரும்புகிறார்கள், இது இரண்டாம் அறிவிப்பு. பிறகு எப்போதும் வரும் அந்த வரி, இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அந்த வரி முடிந்ததும் ஃபாதர் ஒரு நிமிஷம் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிடுவாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்கிற வரி. யாரும் எழுந்து ஒன்றும் சொன்னதில்லை, சொல்வதானாலும் பூசை முடிந்து ஆபீஸ் அறையில் போய்த் தனியாகத்தான் சொல்ல வேண்டும், இது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

யோசித்துத்தான் எழுந்தேன் என்று உன்னிடமாவது சொல்ல ஆசையாக இருக்கிறது. யோசிக்கவே இல்லை. எழுந்த பிறகுதான் எழுந்திருக்கிறேன் என்றே தெரிந்தது. ஃபாதர் என்னைப் பார்த்து என்னம்மா என்று கேட்டார், அதுவும் மைக்கிலேயே கேட்டுவிட்டார். அப்போதுகூட ஒன்றுமில்லை ஃபாதர் என்று உட்கார்ந்திருக்கலாம், மயக்கம் வந்தது என்று அம்மாவே சமாளித்திருப்பாள். நான் தடை இருக்கு ஃபாதர் என்றேன். அவர் என்ன தடை என்றார். அக்காவுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. ஆர்மோனியக்காரர் பயந்துபோய் முடிவுப் பாட்டை ஆரம்பித்துவிட்டார், ஃபாதர் இன்னும் ஆசீர்வாதமே கொடுக்கவில்லை. பாதிப் பேர் எழுந்து பாட, பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்க்க, அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அம்மாவின் கை அவ்வளவு குளிர்ந்து இருந்தது. நான்கு வரிசை பின்னால் மேத்யூவின் அத்தை உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. மத்தியானம் சோறு வடிப்பதற்குள் சேதி அசோக் நகர் போய்விட்டது.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து கறிக்குழம்பை மூடிவைத்துவிட்டு, யாருடி உன்கிட்ட சொன்னா, அவ சொன்னாளா, லெட்டர்ல எழுதினாளா, எங்கே அந்த லெட்டர் என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன். அப்புறம் ஏண்டி சொன்னே என்றாள். தெரியாது என்றேன். அப்போது அம்மா உட்கார்ந்துவிட்டாள். பெரம்பூர் மாமா மாதிரியே பதில் சொல்றா பாருங்க என்று அப்பாவிடம் சொன்னாள். மாமாவைப் பற்றி நம் வீட்டில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை, உனக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும், பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் விழுப்புரம் ஸ்டேஷனில் அகப்பட்டார், மூன்று வேலையை நின்ற நிலையில் விட்டார், இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டு மாடியில் இருக்கிறார். அவரை ஏன் போனீர்கள் என்று கேட்டால் அவரும் தெரியாது என்றுதான் சொல்வாராம். அக்கா, கோயிலில் எழுந்ததைவிட இதற்குத்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை ஸ்கூலில் பின் பெஞ்ச் பெண்கள் என்னைப் பார்த்து கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி கேஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். சாருலதா அவர்களிடம் சண்டைக்குப் போனாள். நான் போகவில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது புதிதாக வந்ததில்லை என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தபோது மருந்து போட்டவள் நீ. ஏழாவதில் கணக்குப் பரீட்சையில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டுத் தாளை இரண்டாகக் கிழித்தேனே, அன்றைக்கு மதரிடம் போய் அழுது மன்றாடியவள் நீ. புது ரெயின்கோட்டைக் குளத்தோரம் நனைந்துகொண்டிருந்த யாரோ ஒருத்திக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்ததற்கு மட்டும் நீ திட்டாமல் சிரித்தாய். ஒவ்வொரு தடவையும் எப்படிடி தோணுச்சு என்று கேட்பாய், தோன்றவே இல்லை அக்கா என்பேன், நீ நம்புவாய். நீ ஒருத்திதான் நம்பினாய். பூசையில் அமைதியான இடம் வரும்போதெல்லாம் நீ பார்க்காமலே உன் கையை என் முழங்கால் மேல் வைப்பாயே, அது எதற்கு என்று நீ மஸ்கட்டுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

திங்கள் சாயந்திரம் மேத்யூ வந்தார். அவர் அம்மா அப்பா வரவில்லை, அவர் மட்டும் தனியாக ஸ்கூட்டரில் வந்தார், பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா அவரிடம் சின்னப் பொண்ணு தம்பி, விளையாட்டுப் புத்தி, பெரிசா எடுத்துக்காதீங்க என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காபி குடித்து முடித்துவிட்டு ஜெசியைக் கூப்பிடுங்க என்றார். நான் போய் நின்றதும், இன்னாம்மா ஜெசி, பத்து வருஷமா வாத்தியாரா இருக்கேன், எங்க ஏரியாவுல ஒருத்தனுக்கும் என்னைத் தெரியாது, ஒரே நிமிஷத்துல ஃபேமஸ் ஆக்கிட்டியே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அழுகையும் வந்துவிட்டது. அம்மா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, உங்கக்கா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சத்தியமா என்றார். சத்தியமாக என்றேன். கொஞ்ச நேரம் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், எனக்கு அவங்க ரெண்டு லெட்டர் போட்டாங்க ஜெசி, ரெண்டுலயும் மஸ்கட்ல எத்தனை டிகிரி வெயில்னு மட்டும்தான் இருந்துச்சு, நானே சயின்ஸ் வாத்தியார், எனக்கு வெயில் கணக்கு போதும். நீ பண்ணது தப்பு, ஆனா நீ சொன்னது தப்பான்னு எனக்குத் தெரியலை. அவங்களுக்கு வேணாம்னா இப்பவே தெரிஞ்சா எனக்கு ஒரு மாசம் கஷ்டம், அப்புறம் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் கஷ்டம். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை அக்கா. நான் எழுதுவது அவரை நல்லவர் என்று உன்னிடம் சிபாரிசு செய்வதற்கும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் அப்பா அரை நாள் லீவு போட்டு என்னை அடையாறுக்கு அழைத்துக்கொண்டு போனார். அம்மாவிடம் கண் டாக்டர் என்று சொல்லியிருக்கிறார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை, பஸ்ஸில் ஏறியதும் அவருக்கே வேர்த்துவிட்டது. அது கண் டாக்டர் இல்லை, டாக்டர் ஸ்ரீரஞ்சனி என்று மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர், ஜானு மாமி சொல்லிக் கொடுத்த விலாசம். மாமியின் தங்கை பெண்ணுக்கு ராத்திரி ராத்திரி பயம் வந்து அவரிடம்தான் காட்டினார்களாம். எங்காத்துலயும் இருந்தது பிரகாசம், யாரும் வெளிய சொல்லிக்கறதில்லை, குழந்தையை அழைச்சுண்டு போங்கோ, ஒண்ணும் தலை போயிடாது என்று மாமி படிக்கட்டில் வைத்து அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேள்வி கேட்டார். எழுந்திருப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மனசில் என்ன இருந்தது என்றார். யோசித்துப் பார்த்து, அந்தக் குடை யாருடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அந்த வாரம் முழுக்கத் தூங்கினாயா என்றார். தூங்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்ததா என்றார். ஆமாம், ஜூலை மாசத்திலிருந்து அப்படித்தான். ஜூலையில் என்ன நடந்தது என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கீழே சொல்கிறேன்.

கிளம்பும் முன் நான் அவரிடம் கேட்டே விட்டேன், எனக்குப் பைத்தியமா டாக்டர், மாமா மாதிரி ஆகிவிடுவேனா என்று. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, பைத்தியம்னு ஒரு வியாதி என் புத்தகத்துல இல்லை, ஆனா உனக்கு ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லமாட்டேன் என்றார். சில பேருக்கு மனசில் பயம் சேர்ந்துகொண்டே வந்தால் அதைத் தாங்க முடியாமல் உடம்பு எதையாவது செய்துவிடுமாம், குதிக்கும், கிழிக்கும், வாய் எதையாவது சொல்லிவிடும், அந்த நிமிஷத்துக்கு இறக்கிவைத்த மாதிரி இருக்கும், அடுத்த நிமிஷம் வெட்கமாக இருக்கும், வெட்கம் மறுபடியும் பயமாகச் சேரும். திட்டினால் அந்தப் பயம்தான் கூடும் என்று அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னார். மாமாவை ஒரு தடவை அழைத்து வரச் சொன்னார், அப்பா தலையாட்டினார், அம்மாவிடம் அதை எப்படிச் சொல்லப் போகிறாரோ. எனக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார். எதையாவது செய்யத் துடிக்கும்போது ஒரு ராத்திரி தள்ளிப்போடு, தள்ளிப்போட முடியாவிட்டால் பத்து மூச்சாவது தள்ளிப்போடு என்றார். திரும்பி வரும்போது அப்பா கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்து, டீனா உன்கிட்ட ஏதாவது சொன்னாளாம்மா என்று கேட்டார். எல்லோரும் அதையே கேட்கிறார்கள் அக்கா. கேட்கும்போது ஒவ்வொருத்தர் முகமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அப்பாவின் முகத்தைப் பார்த்தால், உன் சம்மதத்தைக் கேட்காமல் விட்டுவிட்டோமோ என்று அவரே பயப்படுகிற மாதிரி இருந்தது.

இப்போது நான் ஏன் இதை எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். ஃபாதர் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை சொன்னதை நான் கேட்காத மாதிரி இருக்க முடியாது, பெண் தன் கையால் சம்மதம் என்று எழுதி அனுப்பட்டும், அது வந்த பிறகுதான் மூன்றாம் ஓலை என்று சொல்லிவிட்டார். கல்யாணம் செப்டம்பர் ஐந்து, நீ ஒன்றாம் தேதிதான் வந்து இறங்குகிறாய், அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதனால் இன்று சாயந்திரம் உனக்குக் கடிதம் சொன்னாள். அதில் கோயிலில் நடந்தது எதுவும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பெண்களிடம் இப்போது ஒரு சம்பிரதாயத்துக்கு எழுதி வாங்குகிறார்களாம், நீயும் நான்கு வரி எழுதி உடனே தபாலில் சேர்த்துவிடு என்று இருக்கிறது. அந்த நான்கு வரி என்ன என்பதையும் அம்மாவே சொல்லிவிட்டாள், நான் மேத்யூ என்பவரை முழு மனதோடும் யாருடைய கட்டாயமும் இல்லாமலும் மணக்கச் சம்மதிக்கிறேன் என்று. அதை என் கையாலேயே எழுதினேன். உன் கையெழுத்துப் போட இடம் விட்டு நீ எப்படி எழுத வேண்டுமோ அப்படியே எழுதினேன். அம்மா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை அக்கா, அவளுக்கு ஊர் வாயை நினைத்தால் பயம், அவளும் பயத்தில்தான் செய்கிறாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நீ அதைச் சம்பிரதாயம் என்று நினைத்து டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் பார்த்து எழுதிப் போட்டுவிடுவாய். அம்மா சொன்னால் நீ எதையும் அப்படித்தான் செய்வாய். அது சம்பிரதாயம் இல்லை. ஃபாதர் உன்னிடம் நிஜமாகவே கேட்கிறார். நீ எழுதும் வரை எதுவும் முடிவாகவில்லை.

உனக்கு இஷ்டமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீயும் கேட்பாய். ஞாயிறு மத்தியானம் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நிச்சயம் ஆன பிறகு ஏழு கடிதம் வந்திருக்கிறது. பூனையைக் கேட்டிருக்கிறாய், அம்மாவின் முட்டியைக் கேட்டிருக்கிறாய், மொட்டைமாடிக் கொடிக்கயிற்றைக்கூடக் கேட்டிருக்கிறாய், ஏழிலும் அவர் பெயர் ஒரு இடத்தில் இல்லை. பார்த்தாயா, காரணம் இருக்கிறது என்று ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அது பொய் என்று தெரிந்தது. கடிதம் பொய்யில்லை, நான் அதைப் பார்த்துவிட்டு எழுந்தேன் என்பதுதான் பொய். எழுந்தது காலையில், காரணம் கிடைத்தது மத்தியானம். நீ கூச்சத்தில்கூடப் பெயர் எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஜூலையில் நடந்தது இதுதான். ஒருநாள் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள், கல்யாணம் முடிந்ததும் மேத்யூவும் மஸ்கட்டுக்கு வருவார், அங்கே ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டிருக்கிறார், உன் ஒப்பந்தத்தை இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கப் போகிறாய் என்று. நீ அடுத்த ஏப்ரலில் வந்துவிடுவாய் என்று நான் நாட்களை அடித்துக்கொண்டு வந்தேன், என் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் முழுக்கக் கோடுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு இஷ்டமில்லை என்று நான் கத்தினேனே, ஒருவேளை இஷ்டமில்லாதது எனக்குத்தானோ. உன் பெயரைப் போட்டு என்னுடையதைச் சொல்லிவிட்டேனோ. மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். உன் கல்யாணத்தைக் கெடுத்த பாவி நான் என்றால் நீ என்னைத் திட்டு, ஆனால் திட்டிவிட்டு எழுதாமல் இருந்துவிடாதே.

ஞாயிறு அன்றே உனக்கு எழுத வேண்டும் என்று கை துடித்தது. எழுதவில்லை. டாக்டர் சொல்வதற்கு முன்பே இரண்டு ராத்திரி தள்ளிப்போட்டிருந்தேன், அவர் ஒரு ராத்திரி தள்ளிப்போடு என்று சொன்னதும் மூன்றாவதும் தள்ளிப்போட்டேன், இன்று அந்த நான்கு வரியை எழுதிய பிறகுதான் இனி தள்ளக் கூடாது என்று தெரிந்தது. அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே இருக்கும் சின்ன பல்பில் எழுதுகிறேன், வெளிச்சம் கூடத்துக்குப் போகாது. அதனால் நான் உன்னிடம் கேட்பது இதுதான். அம்மா எழுதச் சொன்ன நான்கு வரியைப் பார்த்து எழுதாதே. அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு ராத்திரி தூங்கு. எழுந்து, உன் வாயில் வருகிற வார்த்தையை உன் மாதிரியே எழுது. சம்மதம் என்றால் சம்மதம் என்று எழுது, நான் ஃபாதரிடம் போய், மைக்கைக் கொடுத்தால் மைக்கிலேயே, நான் சொன்னது தப்பு என்று சொல்லுவேன், எனக்கு வெட்கமில்லை. கல்யாணத்தில் உன் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவேன், நீ ஐந்து வருஷம் இருந்தாலும் இருந்துவிட்டு வா, நான் கோடு போட வேறு மூடி பார்த்துக்கொள்கிறேன். சம்மதமில்லை என்றால் பயப்படாமல் அதை எழுது. மேத்யூ தாங்கிக்கொள்வார், அப்பாவும் தாங்கிக்கொள்வார். அம்மா கொஞ்ச நாள் அழுவாள், நான் கூட இருப்பேன். எனக்காக எதையும் எழுதாதே, எனக்கு எது பிடிக்கும் என்று பார்த்து மட்டும் எழுதிவிடாதே. யோசிக்காமல் எழுந்து நின்றவள் உன்னை யோசிக்கச் சொல்கிறேன், சிரிப்பாக இருக்கும், சிரித்துக்கொள்.

அங்கே ஏசிக்கு நேராகப் படுக்காதே, உனக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும். நைட் டியூட்டி முடிந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காமல் இரண்டு இட்லியாவது, இட்லி கிடைக்காவிட்டால் ரொட்டியாவது சாப்பிடு. அம்மா எப்போதும் கடைசியில் உனக்கு ஆசீர்வாதம் சொல்லுவாள், சின்னவள் நான் சொல்லலாமா தெரியவில்லை, இருந்தாலும் மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் பேனாவைப் பிடித்துக்கொள்ளட்டும். பதிலைத் தபாலில் போடும்போது மறக்காமல் ஃபாதர் பெயருக்கே நேராகப் போடு, நம் விலாசத்துக்கு வேண்டாம், வந்தால் நான்தான் சத்தமாகப் படிக்க

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. ஜெசி, உள்ளே என்னடி பண்றே, யாருக்கு எழுதறே என்கிறாள். தீப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இதைக் கொளுத்திவிடு என்று கை போகிறது. ஆறு மூச்சு ஆகிவிட்டது. இன்னும் கொளுத்தவில்லை. ஏழு. பத்து ஆனதும் நானே தாழ்ப்பாளை எடுக்கப் போகிறேன்.